எடை மெஷின் என்னை ஏமாற்றிய கதை

எல்லாருக்கும் வணக்கம். சமையலறையில் நின்றுகொண்டேதான் பேசுகிறேன், நடுவில் குக்கர் விசில் அடித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அவருக்கு ஃப்ளாட் என்கிற கீமோ, நான்கு மருந்து சேர்ந்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆபரேஷனுக்கு முன்னால் 4, பின்னால் 4. முதல் நான்கு முடிந்தபோது மெஷினில் 64 கிலோ, ஆரம்பத்தில் 65. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இடுப்பில் வேட்டி பழையபடி இறுக்கமாக நிற்க, கீழே ஆடுசதை கரைந்து கால் குச்சியாகியிருந்தது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழத் திணறினார்.

டாக்டர் பழைய சிடி ஸ்கேனையும் புதியதையும் சேர்த்துவைத்துக் காட்டினார். ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில், இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு இருக்கும் இடத்துப் படம். தசை வெளிர் சாம்பல், கொழுப்பு கருப்பு. புதிய படத்தில் முதுகுத் தசை சுருங்கி ஊடே ஊடே கருப்புக் கீற்று, குடலைச் சுற்றிய கொழுப்பு மட்டும் அப்படியே. மெஷின் இரண்டையும் சேர்த்துத்தானே எடை போடும்!

சாப்பிட முடியாதது, படுத்தே கிடப்பது, நோய் கிளப்பிவிடும் அழற்சி, எல்லாம் சேர்ந்து தசையைத் தின்கிறது. ஆபரேஷன் காயம் ஆற உடம்பு புரதத்தைத் தசையிலிருந்தும் எடுக்கும், அங்கே கையிருப்பு இல்லையென்றால் ஆறுவது தாமதமாகும், இருமத் தெம்பில்லாமல் சளி தங்கினால் நிமோனியா வரலாம். வயிற்றுக்குள் கொழுப்பு அதிகமிருந்தால் சர்ஜனுக்கும் வேலை கஷ்டம். தசை குறைந்த எல்லாருக்கும் சிக்கல் வரும் என்றில்லை, வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் "கஞ்சி குடும்மா, லேசா இருக்கும்" என்கிறார்கள். கஞ்சி வயிற்றை நிரப்பும், புரதம் எங்கே? ஒரு கிலோ எடைக்கு 1 கிராமாவது, முடிந்தால் 1.5 வரை என்றார் டயட்டீஷியன். அப்பாவுக்கு 64 முதல் 96 கிராம், ஒரு முட்டையில் கிடைப்பதோ 6! அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை, தயிர், மீன், பருப்பு. (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.)

அப்புறம் நாற்காலிப் பயிற்சி. கையை ஊன்றாமல் 5 தடவை எழுந்து உட்கார 12 செகண்டுக்கு மேல் ஆனால் தெம்பு குறைவு என்று கணக்கு. முதல் நாள் அப்பாவுக்கு 21. அடுத்த வாரம் ஆபரேஷன், இன்று காலை 14.

"என்னம்மா, பாஸா?"

"இன்னும் ரெண்டு செகண்ட்ப்பா" என்றேன். முறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.