புழக்கடைத் தண்ணீருக்கு ஐந்து வாழை

எல்லோருக்கும் வணக்கம். பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கிலேயே நிலைத்து நிற்கும் தோட்டம் அமைக்கும் முறை, என்று பேச்செடுத்தாலே பலர் விதைக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நான் உங்களைக் குளியலறைக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு வாளி என்றாலும் தினமும் 120 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் மாலிசனும் ஹோம்கிரெனும் 1978-இல் புத்தகம் போட்டுப் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லைப் பரப்பினார்கள். நம் கொல்லையில் சொல் இல்லாமலேயே துவைகல் ஓரம் வாழை நின்றது. தண்ணீர் தேங்கிக் கொசு வந்ததுதான் அதில் இருந்த குறை. குழி தோண்டி மட்டையும் சருகும் நிரப்பி, குளியல் தண்ணீரைக் குழாயில் அதற்குள் விட்டு, சுற்றிலும் வாழை நட்டு அந்தக் குறையைப் போக்கும் ஏற்பாட்டுக்கு வாழை வட்டம் என்று பெயர்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, குச்சி நட்டு அளந்தால் ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்காத களிமண் என்றால் இரண்டு வட்டம் போட்டு, நாள் மாற்றி நாள் தண்ணீரைத் திருப்புங்கள். கிணறோ போரோ 50 அடிக்குள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். வீட்டுச் சுவரை விட்டும் 10 அடி தள்ளியே தோண்டுங்கள்.

குழி 6 அடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம், கிண்ணம் மாதிரி. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் ஒரு அடி வரப்பாகப் போட்டால் மழைவெள்ளம் உள்ளே வராது. பலர் குழியை வெறுமனே விட்டுக் கெடுக்கிறார்கள், அது குளமாகிவிடும். அடியில் முருங்கைக் கிளை, தென்னை மட்டை, தேங்காய் மட்டை, அதற்கு மேல் சருகும் வைக்கோலும் தரைக்கு மேல் 2 அடி குவிய வேண்டும். அது அமுங்க அமுங்கப் போட்டுக்கொண்டே இருங்கள். குழாய்க்கு 4 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். குழாயின் முனை மட்டைகளுக்கு மேலே, சருகுக்குக் கீழே இருக்கட்டும். மண்ணில் புதைத்தால் வேர் புகுந்து அடைத்துவிடும். குளியலறையில் தண்ணீர் வெளியேறும் துளையில் ஒரு வலை வையுங்கள், தலைமுடியைப் பிடிக்க.

சமையலறைத் தண்ணீரை விடாதீர்கள். எண்ணெய் மண்ணின் துளைகளை அடைக்கும், சோற்றுப் பருக்கை எலியைக் கூப்பிடும். சலவைத்தூள் தண்ணீர் இன்னும் மோசம். அதிலுள்ள சோடியம் சேரச் சேர மண் இறுகித் தண்ணீர் குடிக்க மறுக்கும், இலை ஓரம் கருகும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் குழாயைச் சாக்கடைக்கே திருப்பிவிடுங்கள்.

வரப்பின் மேல் 4 அடிக்கு ஒன்றாக ஐந்து வாழை. மொந்தன் உப்பை ஓரளவு தாங்கும். ஈட்டி போல ஒடுங்கிய இலையுள்ள கன்றையே எடுங்கள். அகன்ற இலையோடு கொழுகொழுவென்று நிற்கும் நீர்க்கன்றைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வலுவில்லாதது. இடையில் சேம்பு நடலாம். பச்சையாகத் தின்னும் முள்ளங்கி, வெள்ளரி வேண்டாம். தாய்மரம், அடுத்து வர ஒரு கன்று, அவ்வளவுதான். மற்ற கன்றுகளை வெட்டிக் குழியில் போடுங்கள். ஐந்து மரத்துக்கு இருபது கன்று நின்றால் குலை சீப்பாகச் சுருங்கும்.

நாற்றம் அடித்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் தண்ணீரைத் திருப்பிவிட்டு, குவியலைக் கடப்பாரையால் நெம்பிக் காய்ந்த மட்டைகளைச் செருகுங்கள்.