தோண்டும் முன்னால் அளந்து வையுங்கள்

மதுரை வட்டார நேயர்களுக்கு வணக்கம். மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் கிணற்றுப் பாசனம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது பழகிய சங்கதிதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழமாக ஒரு போர் போட்டு ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டினால், கொஞ்ச நாளில் நம் கிணற்றில் தரை தெரிகிறது. நடுவில் உள்ள வரப்பு மேலேதான் இருக்கிறது, கீழே இல்லை. கல்குவாரியிலும் இதே கதைதான். பள்ளத்தில் ஊறுவதை வெளியே இறைத்தால்தான் கல் வெட்ட முடியும். இறைக்க இறைக்க, சுற்றுப்புறப் பாறை வெடிப்புகளில் நிற்கிற தண்ணீரும் பள்ளத்துக்கே இறங்கிவரும்.

சரி, அந்த வரப்பு இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்தால் என்ன ஆகும்?

போலந்தின் தென்மேற்கு மூலையில் துரூவ் என்று ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. ஒரு பக்கம் செக் குடியரசு, இன்னொரு பக்கம் ஜெர்மனி. நம் நெய்வேலி மாதிரியே திறந்தவெளிச் சுரங்கம். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ஓயாமல் இறைத்தால்தான் வேலை நடக்கும். துரூவிலும் இறைப்பு நிற்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் உஹெல்னா என்ற செக் கிராமத்தில் கிணறுகள் இறங்கின. சுரங்கம்தான் காரணம் என்றார்கள் அந்த மக்கள். போலந்து தரப்பு மறுத்தது.

2020 இல் போலந்து அந்தச் சுரங்கத்தின் உரிமத்தை 6 ஆண்டு நீட்டித்தது. 2021 பிப்ரவரியில் செக் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. தோண்டுவதை நிறுத்துங்கள் என்று மே மாதம் இடைக்கால உத்தரவு வந்தது. போலந்து நிறுத்தவில்லை. செப்டம்பரில் நாளுக்கு 5 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். நாளுக்கு, நேயர்களே! அப்போதும் சுரங்கம் ஓடியது. கடைசியில் 2022 பிப்ரவரியில் இரு அரசுகளும் உட்கார்ந்து பேசின. போலந்து தரப்பு 4.5 கோடி யூரோ கொடுப்பது, தண்ணீர் கசிந்து வராமல் பூமிக்குள் தடுப்பு எழுப்புவது, நீர்மட்டத்தைத் தொடர்ந்து கண்காணித்து விவரத்தைப் பகிர்வது என்று உடன்பாடாகி வழக்கு வாபஸ் ஆனது.

இதில் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மூன்றாவது சங்கதி. கூப்பிட்ட கூட்டத்திலெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன்: தோண்டும் முன்னாலேயே அளந்து வையுங்கள். முன்பு எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்ற கணக்கு இல்லாவிட்டால், கிணறு வற்றியவன் பேச்சு எங்கே எடுபடும்? மழை பொய்த்தது, நீங்களே அதிகம் இறைத்தீர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினாலே அளவு தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை, அதே கிணற்றில், காலையில் மோட்டார் போடும் முன்னால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். தோண்டுகிறவரும் கிணற்றுக்காரரும் சேர்ந்து அளந்து ஒரே நோட்டில் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. நாடுகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும், மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் அது ரத்தானதும் உங்களுக்குத் தெரியும். ஏலம் ரத்தாகிவிட்டதே என்று விட்டுவிடாமல், அந்த ஊர்களின் சுனைகளையும் கிணறுகளையும் இப்போதே அளக்கத் தொடங்கலாம். சண்டை இல்லாத காலத்தில் எடுத்த கணக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்புறம், ஐக்கிய நாடுகள் சபை 2008 இல் எல்லை கடந்த நிலத்தடி நீருக்கு வகுத்த வரைவு விதிகளைப் பற்றியும் பேச நினைத்தேன். மணி ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஜெனீவாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே சுரங்கம் கிடையாது, அதிகமாக இறைத்ததால் இறங்கிய நிலத்தடி நீர். 1978 இல் சுவிஸ் பக்கமும் பிரெஞ்சுப் பக்கமும் ஒப்பந்தம் போட்டு, ஆர்வ் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து பூமிக்குள் இறக்கி மட்டத்தை மீட்டார்கள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அளந்து, செலவையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நன்றி, வணக்கம்.