ஜான் டோர் தேர்தல் நிதி திரட்டியது ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கூகுளின் தொடக்கக் காலம் பற்றிப் பேசியபோது முதலீட்டாளர் ஜான் டோரைக் குறிப்பிட்டேன் அல்லவா? ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "மென்பொருள் நிறுவனங்களில் முதலீடு செய்து இவ்வளவு சம்பாதித்தவர் தேர்தலுக்கு ஏன் நிதி திரட்டினார்? சொந்த லாபத்துக்குத்தானே?" இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

நான் ஓயாமல் சொல்வதுதான்: புதிய நிறுவனங்களில் பணம் போடும் துணிகர முதலீட்டாளர் போடுவது பெரும்பாலும் ஊரார் பணம். ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழகங்கள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, பல ஆண்டுகள் திரும்பக் கேட்காத பணத்தை வாங்க வேண்டும். அவர் முதலில் நிதி திரட்டுபவர். முதலீட்டாளர் என்பது பிறகுதான்.

டோர் மின்பொறியியல் படித்தவர். 1974இல் சில்லு நிறுவனமான இன்டெலில் சேர்ந்தார், 1980இல் கிளைனர் பெர்கின்ஸ் என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தில். சன், நெட்ஸ்கேப், அமேசான் எல்லாம் அவர் முதலீட்டில் வளர்ந்த நிறுவனங்கள். 1999இல் கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜிடம், "இது எவ்வளவு பெரிதாக வளரும்?" என்று கேட்டார். ஆயிரம் கோடி டாலர் என்றார் பேஜ். நிறுவனத்தின் சந்தை மதிப்பைச் சொல்கிறார் என்று டோர் நினைத்தார். பேஜ் சொன்னதோ வருவாயை! அந்த ஆண்டு கிளைனரும் இன்னொரு துணிகர முதலீட்டு நிறுவனமான செக்கோயாவும் சேர்ந்து கூகுளில் 2.5 கோடி டாலர் போட்டன. இந்தக் கதை எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

அரசியலுக்கு வருகிறேன். 1996இல் கலிபோர்னியாவில் முன்மொழிவு 211 மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. பங்கு விலை சரிந்தால் பங்குதாரர்கள் வழக்குப் போடுவதை அது எளிதாக்கியிருக்கும். இயக்குநர்களின் சொந்தச் சொத்துக்கே ஆபத்து. டோர் இறங்கினார், கட்சி பாராமல் தொழிலதிபர்களைத் திரட்டினார். முன்மொழிவு படுதோல்வி அடைந்தது. அந்த அணியிலிருந்து 1997இல் டெக்நெட் என்ற தொழில்நுட்பத் தொழிலதிபர்களின் அரசியல் அமைப்பு பிறந்தது. அன்றைய அமெரிக்கத் துணை அதிபரும் பின்னர் அதிபர் வேட்பாளருமான அல் கோருடன் நெருக்கமும் வளர்ந்தது. அன்று அதிபர் வேட்பாளருக்கு ஒரு தனிநபர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலருக்கு மேல் நேரடியாகக் கொடுக்க முடியாது. அதனால் வேட்பாளருக்குத் தேவை, நூறு பேரைக் கொடுக்க வைக்கும் ஆள். நான் சொன்னேனே, அவர் முதலில் நிதி திரட்டுபவர் என்று!

ஆனால் அன்பரே, அவர் தோற்றபோது என்ன செய்தார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் வாங்க வெளியிடும் உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கு அன்று மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. நூறு பேரில் 34 பேர் மறுத்தாலே போதும், ஒழுகும் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று டோர் ஆதரித்த முன்மொழிவு 26, 2000 மார்ச்சில் மயிரிழையில் தோற்றது. டோரும் நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸும் விடவில்லை. 55 சதவீதம் என்று வரம்பை மாற்றி, செலவுக் கணக்குக்குத் தணிக்கையும் சேர்த்த முன்மொழிவு 39க்குப் பெரும்பணம் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது வென்றது.

ஆக, 1996இல் சொந்த நலனும் இருந்தது; மறுக்கமாட்டேன். 2000இல் அந்த வெற்றியால் எந்த நிறுவனப் பங்கும் அவர் கைக்கு வரவில்லை. அந்த 55 சதவீத விதிப்படி வாக்கெடுப்புக்குப் போகும் பள்ளிக் கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன.