கூடம் கோணல்தான், ஐயா!

(எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐப்பசி முதல் வாரம் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகப் பாராட்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதினேன். பேச்சில் இருந்த கைதட்டலை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, மழை மிரட்டுகிற நேரத்திலும் சொன்ன நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, என் மகளுக்குத் தாய்மாமனைப் போல் உரிமையோடு திட்டவும் தட்டிக்கொடுக்கவும் செய்கிற உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, அரிசி ஆலைச் சங்கப் பொருளாளர் அவர்களே, வணிகர் சங்கத்து அண்ணன்மார்களே, ஒலிபெருக்கி போட்ட தம்பி, பின்வரிசையில் நிற்கிற தாய்மார்களே, முன்வரிசையில் தூங்காமல் இருக்கப் பாடுபடும் ஐந்தாம் வகுப்புச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் போட்ட பொன்னாடைக்கு நன்றி. அது என் கடையில் வாங்கியது என்பது விளிம்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விலை சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கலைக்கும் கூடவே போய் நிற்பதில் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் சந்தோஷம் ஒன்று. அதற்கு ஆகும் செலவு இரண்டு. விளையாடும் பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுப்பது என்பது மூன்று. நேரம் இருந்தால் மூன்றும் வரும்.

நான் ஜவுளிக்கடைக்காரன். ஐப்பசி எனக்குச் சம்பாதிக்கிற மாதம். தீபாவளிக்கு முந்தின நாள்களில் ஜவுளிக்கடைக்காரன் கல்லாவை விட்டு எழுந்து போனால் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவே சொல்லும். ஆனால் பாருங்கள், பிள்ளைகளின் போட்டிகளும் இந்த நேரத்தில்தான் வருகின்றன. காலாண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறை முடிந்து, குறுவட்டத்தில் ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்குப் போகிற காலம். விஜயதசமிக்குப் பாட்டு, பரதம், சிலம்பம், வீணை என்று சேர்த்துவிட்டு வந்திருக்கிறோம். என் மகன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். ஈரக்காற்று வீசினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. அவன் கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு தட்டித் தட்டிச் சரிசெய்வான். வாசிக்கிற நேரத்தைவிடத் தட்டுகிற நேரம் அதிகம். "பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள்" என்று என் அம்மா இன்னும் நம்புகிறார்.

அப்புறம் மழை. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழைதான். நம் டெல்டாவுக்கு அது சம்பாப் பயிர். நம் வீட்டுக்கு அது காயாத ஷூ. ராத்திரி ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காலையில் எடுத்து, மறுபடி உலர்ந்த தாளைத் திணிக்கிற வேலை என்னுடையது. மகள் சேற்றோடு வந்து நின்றால் பாட்டி திட்டிக்கொண்டே சுக்குக் கஷாயம் வைப்பார். குளித்த பிறகும் கால் நகத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். விளக்குமாற்றுக் குச்சியால் அதைச் சுரண்டியபடி அன்றைய ஆட்டத்தை முதலிலிருந்து சொல்வாள். நடுவில் மறித்தால் மறுபடியும் முதலிலிருந்து வரும். இந்தச் சுகத்துக்கு எந்தக் கடையில் விலை போட முடியும்?

என் அம்மாவுக்கு ஒரு பழமொழி உண்டு. சின்ன வயதில் நான் எதற்குச் சாக்குச் சொன்னாலும் அதை எடுத்து வீசுவார்: "ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்." பேனா எழுதவில்லை என்றால் அதற்கு இது. சைக்கிள் செயின் கழன்றால் அதற்கும் இது. நான் கபடி ஆடித் தோற்றுவிட்டு வந்து மைதானத்தில் கல் என்றால், அதற்கு இரண்டு தடவை.

சரி, இப்போது அந்த நாடாக் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் இங்கே பாதிப் பேர் என்னை வீட்டுக்கு விட மாட்டார்கள்.

மாவட்ட அளவிலான மாணவியர் கபடி. வெளியூர் மைதானம், ஊர் பெயர் வேண்டாம். முந்தின ராத்திரி முழுக்க மழை. காலையில் போய் இறங்கினால், சுண்ணாம்புத்தூளால் போட்ட கோடு பால் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. மணல் கொட்டினார்கள், மரத்தூள் கொட்டினார்கள். தரை ஓரளவு நின்றது, கோடு நிற்கவில்லை. மறுபடி தூள் போட்டார்கள், மறுபடி தூறல். நடுவர் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்றார். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம்? வந்திருக்கும் பெண்களில் பாதிப் பேரின் அம்மா நடவுக்குப் போகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இன்னொரு நாள் அந்தப் பெண்களை அனுப்புவார்களா?

என் வண்டி டிக்கியில் ஈரோட்டிலிருந்து வந்த தீபாவளிச் சரக்கு இருந்தது. அதில் பாவாடை நாடா, வெள்ளை, கட்டுக் கட்டாக. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். சுற்றுக்கோடு, நடுக்கோடு, லாபி என்கிற ஓரப்பட்டை, உள்ளே போனஸ் கோடு வரை எல்லாம் சேர்த்தால் நூறு மீட்டரை ஒட்டி வரும். ஜவுளிக்கடைக்காரனுக்கு மீட்டர் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாடாவை விரித்துக் கட்டலாம் என்றேன். நம் உடற்கல்வி ஆசிரியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதைக் கொண்டு அடிப்பீர்கள்? ஆணி வேண்டாம், பிள்ளைகள் வெறுங்கால்" என்றார். யோசித்துக்கொண்டு நிற்கிறோம். ஓரத்தில் நின்ற ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினார். கொண்டை ஊசி! வளைந்த ஊசியை நாடாவுக்கு மேல் கவிழ்த்து ஈர மண்ணில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான், இரண்டு ஊர்த் தாய்மார்களும் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். எதிரணி அம்மா நீட்டிய ஊசியை நம் அணி அம்மா வாங்கிக் குத்துகிறார். நடுவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டின் மேலேயே வெறுங்காலில் நடந்து பார்த்தார். எங்கும் குத்தவில்லை. விசில் அடித்தார்.

ஆட்டம் கடைசி நிமிஷத்துக்கு வந்தது. நாம் ஒரு புள்ளி பின்தங்கி. என் மகள் பாடிப் போகிறாள். எதிரில் ஆறு பேர். ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் புள்ளி செல்லும் என்பது விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், தெரியாத அப்பாக்களுக்குச் சொல்கிறேன். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி மண்ணைத் தொட வேண்டும், அந்த நேரம் பின்னங்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். போனாள், எம்பினாள், தாண்டினாள். தாண்டும்போது கட்டைவிரலில் நாடா மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் ஊசி பிடுங்கிக்கொண்டு, கோடே அவள் கூடக் கிளம்பி வந்துவிட்டது! இவள் நடுக்கோட்டுக்கு ஓடுகிறாள், பின்னால் வால் மாதிரி போனஸ் கோடு ஓடுகிறது. இந்தப் பக்கம் "போனஸ்! போனஸ்!" அந்தப் பக்கம் "இல்லை! இல்லை!" நடுவர் தலையில் கை வைத்துவிட்டார். "அவள் கோட்டைத் தாண்டினாளா, கோடு அவளைத் தாண்டிச்சா, நான் எதைப் பார்த்துச் சொல்லட்டும்?" என்றார். புள்ளி தரவில்லை. ஒரு புள்ளியில் தோற்றோம்.

அங்கேயே சண்டை பிடிக்கலாம் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். நாடாவும் என்னுடையது, மகளும் என்னுடையவள், கோபம் வராதா? என் மகள் வந்து கையைப் பிடித்தாள். "விடுங்கப்பா. அவங்களும் இதே சேத்துலதானே ஆடினாங்க" என்றாள். பிறகு எதிரணிப் பெண்களோடு சேர்ந்து மண்ணிலிருந்து ஊசிகளைப் பொறுக்கி, கழுவி, தாய்மார்களிடம் எண்ணிக் கொடுத்தாள். வண்டியில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, புளியோதரை மிச்சம் இருக்கிறதா என்பது. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் பெண் கோணல் என்று சொல்லவில்லை. கோப்பை வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

(அந்த நாடாவைத் துவைத்துக் கடையில் விற்றேனா என்று வணிகர் சங்கத்து அண்ணன் கேட்கிறார். அதற்குப் பதில் இந்த மேடையில் கிடையாது.)

பெரிய இடத்துக்குப் போன பிள்ளைகளைப் பாருங்கள், பக்கத்தில் ஓர் அப்பாவோ அம்மாவோ நின்றிருப்பார். சதுரங்கம் ஆடும் குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். 2024 டிசம்பரில், 18 வயதில், மகன் உலக சாம்பியன். அதே சதுரங்கத்தில் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி போகிற நாட்டுக்கெல்லாம் குக்கரோடு போய் ரசம் சாதம் செய்து கொடுத்தவர். 2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் மகன் ஆடியபோது, ஓரமாக நின்று அவர் பூரித்துப்போயிருந்த படத்தைப் பார்க்காதவர் யார்? மாரியப்பனின் அம்மா காய்கறி விற்றுப் பிள்ளையை வளர்த்தார்; மகன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார்.

கபடிக்கு வருகிறேன். மணத்தி கணேசன் இந்திய அணியில் ஆடித் தங்கம் வென்ற ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு 1994 அக்டோபரில். கண்ணகி நகர் கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு வந்தது 2025 அக்டோபரில். நம் ஊரில் அதே அக்டோபரில் என்ன நடக்கிறது?

இங்கேதான் பேரூராட்சித் தலைவர் அம்மா என்னை மன்னிக்க வேண்டும். தாங்கள் பதவிக்கு வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கும் வழக்கம் இது. தங்களைக் குறை சொல்லவில்லை. அக்டோபர் வந்தால் நம் மைதானத்தில் பட்டாசுக் கடைக்குப் பந்தல் போடுகிறார்கள். மூங்கில் நட்டுத் தகரம் கட்டுகிறார்கள். தீபாவளி முடிந்து பந்தலைப் பிரித்தால் குழி அப்படியே இருக்கும், ஆணி அப்படியே இருக்கும், மேலே மழை பெய்து குழியும் ஆணியும் தெரியாமல் தண்ணீர் நிற்கும். அதில் வெறுங்காலோடு கபடி. போன ஐப்பசியில் நானே ஒரு நாள் நடந்து ஆணி பொறுக்கினேன், சட்டைப்பை கிழிந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரன் சட்டை.

நானும் வியாபாரி. பட்டாசுக்காரர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. சந்தைத் திடல் வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடக்கிறது. சந்தை நாளை மட்டும் பார்த்துக்கொண்டு கடைகளை அங்கே மாற்றலாம். தீயணைப்பு வண்டி உள்ளே வரவும் அங்கேதான் வழி அகலம். அடுத்து, மைதானத்தின் மேற்குப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, நடுவில் செம்மண் கொட்டி மேடு கட்டினால் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். வயலில் வடிகால் வெட்டத் தெரிந்த ஊருக்கு மைதானத்தில் வெட்டத் தெரியாதா? அப்புறம் விளக்கு. பள்ளி விட்டுப் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதற்குள் ஐந்தாகிறது. ஐப்பசிக் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே இருட்டு. நாலு கம்பம், நாலு விளக்கு போதும்.

"நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, மாநிலத்துக்கு யாருமே போகவில்லையே" என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். என் அம்மாவின் பழமொழியை மரியாதையோடு திருப்பிப் போடுகிறேன். ஆட மாட்டாதவள் சொன்னால் சாக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆடத் தெரிந்தவள் வந்து நின்று, வாயே திறக்காமல், கொண்டை ஊசியில் கோடு கட்டி ஆடிவிட்டுப் போகிறாள். அவளுக்காக நாம்தான் வாயைத் திறக்க வேண்டும். கூடம் கோணல்தான், ஐயா!

செலவையும் சாப்பாட்டையும் பேச நேரமில்லை. தலைவர் இரண்டு தடவை மணியைத் தொட்டுவிட்டார். சாப்பாட்டைப் பற்றி என்னைவிட என் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியும். அடுத்த விழாவுக்கு அவரைக் கூப்பிடுங்கள்.

மைதானத்துக்காக இதையெல்லாம் கேட்டு எழுதிய மனு வாசல் மேஜையில் இருக்கிறது. தலைமையாசிரியர் படித்துத் திருத்திக் கொடுத்தது, பிழை இருக்காது. அப்பா அம்மா இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் போடுவது செல்லாது. பேனா கட்டித்தான் வைத்திருக்கிறேன், நாடாவில். சுண்டல் அதே மேஜைக்கு அடுத்த மேஜையில். வரிசை ஒன்றுதான், கையெழுத்து மேஜை முதலில் வரும். நன்றி, வணக்கம்.