அம்மா தட்டா, வளர்ற சூழலா? – அம்மா தட்டு அணியிலருந்து ஒரு பேச்சு

நடுவர் அவர்களே, வணக்கம். வர்ற தலைமுறைகளோட மூளைக்கு எது முக்கியம், கர்ப்பத்துல அம்மா தட்டுல விழற சாப்பாடா, இல்ல பிள்ளை வளர்ற சூழலாங்கறதுதான் இன்னைக்குத் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பருக்கு விழுந்த கைதட்டல்ல என்னோடதும் ஒண்ணு, நல்லாத்தான் பேசினாரு, சரக்குதான் கொஞ்சம் கம்மி. வர்ற தலைமுறைகளோட மூளை நல்லா இருக்கணும்னா வளர்ற சூழல் போதும், பள்ளிக்கூடம், வீட்டுப் பேச்சு, நல்ல சேர்க்கை, இவ்வளவுதான், "அம்மா கர்ப்பத்துல என்னத்த சாப்பிட்டா என்ன"ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டாரு. அந்தக் கடைசி "என்ன"வுக்குப் பதில் சொல்லத்தான் நான் எந்திரிச்சிருக்கேன்.

மூளையும் தண்டுவடமும் உருவாகறது ஒரு சின்னக் குழாய்லருந்து. கரு உண்டாகி 28 நாளுக்குள்ள அது மூடிக்கணும். பல பேருக்கு அப்போ கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது, நாள் தள்ளிப்போச்சேன்னு யோசிச்சிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். அந்த நேரத்துல அம்மா உடம்புல ஃபோலேட்ங்கற வைட்டமின் பத்தலன்னா குழாய் சரியா மூடாமப் போற ஆபத்து ஏறுது. ஏற்கனவே அந்தக் குறையோட ஒரு கர்ப்பம் ஆன தாய்மாரை வெச்சு பல நாடுகள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, 1991-ல முடிவு வந்துச்சு, கரு உண்டாகறதுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட், அதாவது மாத்திரை வடிவ ஃபோலேட், எடுத்துக்கிட்டவங்களுக்கு அந்தக் குறை திரும்ப வர்றது 72 சதவீதம் குறைஞ்சது. "அது மாத்திரைதானே, சாப்பாடா?"ன்னு எதிரணி அங்கருந்தே கையாட்டறாங்க. 1998-லருந்து அமெரிக்கால மாவுலயே அதைக் கலக்கச் சொல்லி சட்டம் போட்டாங்க, சாதாரணமா சாப்பிடற ரொட்டி வழியாவே போச்சு, கேஸ் குறைஞ்சது, போதுமா?

அயோடினும் இதே கதைதான். கருவுல இருக்கற பிள்ளை பாதிக் கர்ப்பம் வரைக்கும் மூளை வளரத் தேவையான தைராய்டு ஹார்மோனுக்கு அம்மாவைத்தான் நம்பியிருக்கு, அம்மாவுக்கு அதைச் செய்ய அயோடின் வேணும், அது உடம்புக்குள்ள தானா உருவாகாது, வெளியிலருந்து, முக்கியமா சாப்பாட்டுலருந்துதான் வரணும்.

சரி, இப்போ 1944-க்கு வாங்க. ரெண்டாம் உலகப் போர் முடியப் போற நேரம், நெதர்லாந்தோட மேற்குப் பகுதிக்கு சாப்பாடு போகவிடாம ஜெர்மன் படை தடுத்துடுச்சு. அந்தக் குளிர்காலத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழ போச்சு, சில வாரம் அதுலயும் பாதி. 1945 மே மாசம் விடுதலை, உடனே சாப்பாடு திரும்ப வந்துடுச்சு. கொடுமைதான், ஆனா ஆராய்ச்சிக்காரங்களுக்கு இப்படி ஒரு தெளிவான கணக்கு வேற எங்கயும் கெடைக்கல, ஏன்னா பஞ்சம் எந்த மாசம் ஆரம்பிச்சு எந்த மாசம் முடிஞ்சதுன்னு தெரியும், எந்தப் பிள்ளை வயித்துல எத்தனாவது மாசத்துல பட்டினி கிடந்துச்சுன்னு பிறந்த தேதியை வெச்சே சொல்லிடலாம். பஞ்சத்தோட உச்சத்துல கருவானவங்க வளர்ந்து பெரியவங்க ஆனப்போ அவங்ககிட்ட ஸ்கிசோஃப்ரினியாங்கற மனநோய் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு. அது ஏதோ அந்த ஊரோட ராசின்னு சொல்லிடாதீங்க, சீனால 1959-லருந்து 61 வரைக்கும் நடந்த பஞ்சத்துல கருவானவங்கள ஆராய்ஞ்சப்பவும் அதே ரெண்டு மடங்குதான்.

எதிரணிக்கு ஒரு உதவி பண்றேன், அவங்க தேடிப் பிடிச்சிருக்க வேண்டிய பாயிண்ட் ஒண்ணு இருக்கு, அவங்க சொல்லல, நானே சொல்லிடறேன். அந்த நெதர்லாந்துப் பசங்க ராணுவத் தேர்வுக்கு வந்தப்போ அறிவுத்திறன் டெஸ்ட் வெச்சாங்க, பஞ்சத்துல உண்டானவங்களுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசமே தெரியல. கைதட்டிக்கோங்க. தட்டியாச்சா? அதே பஞ்சத்துப் பிள்ளைங்களுக்கு 56-லருந்து 59 வயசு ஆனப்போ திரும்ப ஒரு டெஸ்ட் வெச்சாங்க, கவனம் சிதறாம ஒரு விஷயத்தைப் பிடிச்சு வெக்கற டெஸ்ட்டு, அதுல ஆரம்ப மாசங்கள்ல பட்டினி கிடந்தவங்க பின்தங்கிட்டாங்க. இருபது வயசுல ஒளிஞ்சிருந்த கணக்கு அறுபதை நெருங்கறப்போ வெளிய வருது. பரீட்சை மார்க்கை மட்டும் பாத்து மூளை நல்லா இருக்குன்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

"தலைமுறைகள்"னு தலைப்புலயே இருக்கு, அதுக்கும் வர்றேன். ஆஸ்திரேலியால மோனாஷ் யுனிவர்சிட்டில ஒரு சின்ன உருண்டைப் புழுவை வெச்சு ஆராய்ச்சி பண்ணி 2023-ல வெளியிட்டாங்க. மொத்தமே 302 நரம்பு செல்தான் அதுக்கு. நரம்பு இழை பட்டு பட்டுன்னு ஒடைஞ்சு போற மாதிரி குறை இருக்கற புழுக்களை எடுத்து, ஆப்பிள் தோல்லயும் ரோஸ்மேரிலயும் இருக்கற உர்சாலிக் ஆசிட்னு ஒண்ணைத் தாய்ப் புழுவுக்குக் குடுத்தாங்க. அது தாயோட குடல்ல ஒரு வகைக் கொழுப்பு உற்பத்தியை ஏத்துது, அந்தக் கொழுப்பு மஞ்சள் கருவோட சேர்ந்து முட்டைக்குப் போகுது, பொறந்து வர்ற குட்டிக்கு நரம்பு ஒடையறது குறையுது. குட்டி அதைச் சாப்பிடவே இல்லீங்க! சாப்பிட்டது அம்மா.

"புழுவுக்கும் மனுஷனுக்கும் என்னய்யா சம்பந்தம்"னு நண்பர் அப்பவே கிண்டல் பண்ணிட்டாரு. நியாயம்தான், புழுவுல நடந்தது மனுஷனுக்கும் அப்படியே நடக்கும்னு நான் சொல்லல. அந்தக் கொழுப்பு இருக்க வேண்டிய அளவுல இல்லன்னா நரம்புக்கே கெடுதல்னும் அதே ஆய்வு சொல்லுது, அதனால யாரும் வீட்டுக்குப் போற வழியில மாத்திரை வாங்கி முழுங்கிடாதீங்க. நான் எடுத்துக்கறது ஒண்ணே ஒண்ணு, தாய் சாப்பிட்டது முட்டை வழியா பிள்ளையோட நரம்பு வரைக்கும் போறதுக்கு ஒரு பாதை இருக்குன்னு உசுருள்ள ஒண்ணுல கண்ணால பாத்துட்டாங்க.

மனுஷன்லயும் முட்டைக் கணக்கைப் பாருங்க. ஒரு பெண் பிள்ளை தாய் வயித்துல 20 வாரம் இருக்கறப்பவே அவளோட கருமுட்டைகள் உருவாகிடுது, 60, 70 லட்சம். அப்போ இந்த சபைல உக்காந்திருக்கற ஒவ்வொருத்தரும் எந்த முட்டைலருந்து வந்தாங்களோ அது அவங்க அம்மாவைப் பெத்த பாட்டி வயித்துல உருவானது. பாட்டி அப்போ சாப்பிட்டாங்களா பட்டினியான்னு நாம யாராவது ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கோமா?

அடுத்து ஒரு பெரிய குற்றச்சாட்டு, "எல்லாத்தையும் அம்மா தலைல கட்டறீங்க"ன்னு. நடுவர் அவர்களே, இதுக்கு எனக்குக் கோவமே வந்துடுச்சு. நெதர்லாந்துல அந்தத் தாய்மாருங்க டயட்லயா இருந்தாங்க? வழியை மறிச்சது படை. ரொட்டில ஃபோலிக் ஆசிட் வரணும்னா கையெழுத்துப் போட வேண்டியது அரசாங்கம். தட்டு அம்மாவோடது, அதுல என்ன விழுதுங்கறது ஊரு, நாடு, வீட்டுல மிச்சம் மீதியைத்தான் அவளுக்குன்னு ஒதுக்கறவங்க, எல்லாரும் சேர்ந்து முடிவு பண்றது. "சூழல்தான் முக்கியம்"னு சொல்லிட்டா இவங்க எல்லாருமே சுலபமா தப்பிச்சுக்கறாங்களே.

மணி அடிச்சிட்டாங்க, ஒரே நிமிஷம். அடுத்து வர்ற எதிரணிப் பேச்சாளருக்கு ஒரு கேள்வி. 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு, பஞ்சத்துல கருவானவங்களையும் பஞ்சத்துல மாட்டாத அவங்க கூடப்பொறந்தவங்களையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தற ஒரு ஜீன் மேல இருக்கற ரசாயன அடையாளம் அறுபது வருஷம் கழிச்சும் பஞ்சத்துப் பிள்ளைக்குக் குறைச்சலா இருந்துச்சு. அதே அப்பா அம்மா, அதே குடும்பம். வந்து சொல்லுங்க, நீங்க சொல்ற அந்த சூழல் ஏன் அதுல ஒரு பிள்ளையை மட்டும் தொட்டுச்சு?