விசிலுக்கு அப்புறம்தான் வண்டி

அனைவருக்கும் வணக்கம். இசை ரசனைக் கூட்டத்தில் டிவி போட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இதில் யாரும் பாட மாட்டார்கள், ஆட மாட்டார்கள், குச்சியை மட்டும்தான் ஆட்டுவார்கள்" என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

2008-இல் பிரிட்டனின் பிபிசி 2 டிவியில் 'மேஸ்ட்ரோ' என்றொரு போட்டி நிகழ்ச்சி வந்தது. எட்டுப் பிரபலங்கள். நடிகை ஜேன் ஆஷர், செய்தி வாசிப்பாளர் கேட்டி டெர்ஹாம், பழைய போலீஸ் தொடரில் நடித்த டேவிட் சோல், 'பிளர்' குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் ஜேம்ஸ், நடிகர் பிராட்லி வால்ஷ், நகைச்சுவைக் கலைஞர் சூ பெர்கின்ஸ், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையில் பெயர் வாங்கிய கோல்டி. இவர்களோடு பீட்டர் ஸ்னோ. தேர்தல் இரவுகளில் டிவியில் கையை வீசி வீசி முடிவு சொன்ன மனிதர். கையை ஆட்டுவதில் அவரைவிட அனுபவசாலி யார் என்று நினைத்திருப்பார்கள் போல. இவர்களுக்கு ஆர்க்கெஸ்ட்ராவை, அதாவது மேற்கத்திய வாத்தியக் குழுவை, நடத்தச் சொல்லிக்கொடுத்து, பிபிசி கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவின் முன் நிற்க வைத்தார்கள். கற்றுக்குட்டிகள் முழுநேரக் கலைஞர்களை நடத்த வேண்டும்!

சரி, அதில் என்ன கஷ்டம்? நானும் அப்படித்தான் கேட்டேன். வாத்தியக்காரர்கள் முன்னால் இசைக்குறிப்பு இருக்கிறது, வாசிக்கத் தெரியும். நடத்துபவர் கையில் இருப்பதோ ஒரு வெள்ளைக் குச்சி. அதில் சத்தமே வராது. ஒரு காலத்தில் வந்ததுண்டு. பிரான்ஸில் லுல்லி என்ற இசையமைப்பாளர் கனமான தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டுவார். 1687-இல் தடி தவறிக் காலில் விழுந்தது. புண் அழுகி இறந்தே போனார்.

நாம் தாளம் போட்டுப் பழகியவர்கள். ஆதி தாளத்தில் தட்டு விழுகிற இடத்தில்தான் பாட்டும் விழும். கையும் காதும் ஒன்றாகப் போகும். ஆர்க்கெஸ்ட்ராவில் அது பலிக்காது, கை முன்னால் போயாக வேண்டும். கீழே இறங்குகிற வீச்சைவிட, அதற்கு முன்பு மேலே எழும்புகிற வீச்சுதான் முக்கியம். எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம், மூச்சு எங்கே என்பதெல்லாம் அந்த எழும்பலில் இருக்கிறது. வாசிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வயலின் வில்லை எடுக்கிறார்கள்.

கற்றுக்குட்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். குச்சி இறங்குகிறது, சத்தம் ஒரு துளி தாமதமாக வருகிறது. 'ஐயோ, முந்திவிட்டோமோ' என்று அடுத்த வீச்சை இழுக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவும் மரியாதையாக இன்னும் கொஞ்சம் பின்வாங்குகிறது. இவர் அவர்களுக்காக, அவர்கள் இவருக்காக... பாட்டு மாட்டு வண்டி ஆகிவிடுகிறது. நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்த அப்புறம்தான் வண்டி நகரும். வண்டி கிளம்பிய சத்தத்தைக் கேட்டுவிட்டு விசில் ஊதினால் எப்படி? திரையில் நான் பார்த்ததில் பாதி அதுதான். கையைத்தான் ஆட்டினார்கள், உண்மையில் காதால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ட ட ட டாம்' எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது அந்த முதல் 'ட'வில் தொடங்குவதில்லை. அதற்கு முன் ஒரு சின்ன மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவதை நாம் அனாகத எடுப்பு என்கிறோமே, கிட்டத்தட்ட அது. பாடகருக்குப் பிரச்சினை இல்லை, தாளமும் பாட்டும் அவரிடமே இருக்கின்றன. இங்கே நடத்துபவர் மௌனத்தைக் கையால் காட்ட வேண்டும். அதிலிருந்து பல டஜன் பேர் ஒரே நொடியில் குதிக்க வேண்டும்.

நடுவர்களில் சர் ரோஜர் நாரிங்டனும் சிமோன் யங்கும் உலகறிந்த ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர்கள். ஆனால் நான் உன்னிப்பாகக் கேட்டது மற்ற இருவரை. ஸோயி மார்ட்லூ செல்லோ வாசிப்பவர், டொமினிக் செல்டிஸ் டபுள் பேஸ் வாசிப்பவர். இரண்டும் வயலின் மாதிரியே, ஆனால் பெரிய வாத்தியங்கள். குச்சியைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவர்கள். சமையலைச் சாப்பிடுகிறவரிடம்தானே கேட்க வேண்டும்?

கடைசியில் ஜெயித்தது சூ பெர்கின்ஸ், இரண்டாமிடம் கோல்டி. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மேடையில் ஜோக் சொல்கிறவருக்கு, சிரிப்பு வருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஹால் முழுக்கத் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருக்கவும் தெரியும். பரிசாக, லண்டன் ஹைட் பார்க்கில் அப்போது நடந்த 'ப்ராம்ஸ் இன் த பார்க்' நிகழ்ச்சியில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். கோல்டிக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் உடம்பே தாளம். அடுத்த வருஷமே, 2009 ப்ராம்ஸ் என்ற பிபிசி இசை விழாவில், அவர் உருவாக்கிய 'சைன் டெம்போரே' என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை அரங்கேறியது. தோற்றவருக்குக் கிடைத்த இந்தப் பரிசுதான் பெரிது என்பேன்.

நானும் வீட்டில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியோடு டிவி முன்னால் நின்று பார்த்தேன். பத்து நிமிஷம் பிரமாதமாக நடத்தினேன். அப்புறம் என் மனைவி ரிமோட்டில் நிறுத்தினார். இசை நின்று ஒரு நொடி கழித்துத்தான் என் கை நின்றது.

இப்போது அந்த ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தைத் திரையில் போடுகிறேன். தயவுசெய்து யாரும் தொடையில் தட்டாதீர்கள். நடத்துபவரின் கை மேலே எழும்பும்போது மட்டும் பாருங்கள்.