ஸ்கேன் செய்து அனுப்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பருவம் தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டையானாலும் தென்காசியானாலும் கல்லூரி நூலகர்களிடம் ஆசிரியர்கள் கேட்பது இதைத்தான்: "இந்தப் புத்தகத்தில் ரெண்டு அத்தியாயத்தை ஸ்கேன் பண்ணி வகுப்புக்கு அனுப்பலாமா சார்?" பயந்து பயந்து கேட்பவர்களும் உண்டு. கேட்காமலே முழுப் புத்தகத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுபவர்களும் உண்டு.

பயப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டப் பகுதிகளைத் தொகுத்துக் கொடுத்த ஒரு ஜெராக்ஸ் கடைமீது பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, கற்பிக்கத் தேவையான அளவுக்கு நகலெடுக்கலாம் என்றது. இத்தனை பக்கம்தான் என்று வரம்பு கட்டவில்லை. மறு ஆண்டு பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

அது காகித நகலைப் பற்றிய வழக்கு. ஆனால் மின்வடிவில் சேமிப்பதையும் சட்டம் நகலெடுப்பதாகவே கணக்கில் கொள்கிறது. அதனால் அந்த வகுப்பு மாணவர்கள் மட்டும் கடவுச்சொல் போட்டு உள்ளே வந்து படிக்கும்படி வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. கல்லூரி இணையதளத்தில் ஊருக்கே திறந்து வைத்தால் அது பாடம் நடத்துவது ஆகாது. வாட்ஸ்அப்பில் போன கோப்பு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சில நூறு படிகள் மட்டும் அச்சடிக்கும் தமிழ்ப் பதிப்பாளருக்கு அது நேரடி நஷ்டம்.

கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் வழியாக வரும் கட்டுரைகளுக்கு ஒப்பந்த விதிகள் தனி. கோப்பை இறக்கி ஊருக்கு அனுப்பாமல், இணைப்பை மட்டும் கொடுங்கள். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்த எழுத்துக்கு இந்தக் கவலை இல்லை. நம் புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தவர், அவர் கதைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருக்கே உரியவை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வையற்ற மாணவருக்காக முழுப் புத்தகத்தையே கணினி வாசித்துக் காட்டும் வடிவுக்கு மாற்றலாம். லாப நோக்கம் இல்லாமல் செய்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2012-இல் செய்த திருத்தம் தந்த உரிமை இது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டு எத்தனையோ பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். பதிப்புரிமையைக் காரணம் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், பாடநூல் பட்டியலைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, அப்புறம் பிழை திருத்தி எடுக்க நாள் பிடிக்கும். தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் கூடுதலாகவே பிடிக்கும்.